ஒரு நெடுவரிசை எடை போதுமா? கணக்கெடுப்புத் தரவும் பல்நிலை மாடலும்

என்.எஃப்.எச்.எஸ். என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றுக் கோப்பைத் திறந்தால் நெடுவரிசைகள் வந்துகொண்டே இருக்கும். அவற்றில் வி005 என்று ஒன்று உண்டு. ஆறு, ஏழு இலக்க எண்கள். முதலில் பார்க்கிறவருக்கு ஏதோ அடையாள எண் போலத் தெரியும். அதுதான் எடை: மாதிரியில் வந்த ஒருவர் வெளியே எத்தனை பேருக்காக நிற்கிறார் என்பதற்கேற்ற எண். பத்து லட்சத்தால் வகுத்துவிட்டுப் பயன்படுத்த வேண்டும்.

சதவீதம் போடுகிற வரைக்கும் இந்த ஒரு நெடுவரிசை போதும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், அதாவது வளர்ச்சி குன்றியவர்கள், நாடு முழுக்க 35.5 சதவீதம். தமிழ்நாட்டில் 25.0, பீகாரில் 42.9, மேகாலயாவில் 46.5. இதெல்லாம் இப்படி எடை வைத்துப் போட்ட கணக்குதான். ஆனால் அடுத்த கேள்விக்குப் போனால் சிக்கல் ஆரம்பிக்கிறது. தாயின் படிப்பு, குடும்பத்தின் வசதி எல்லாம் ஒன்றாக இருந்தும் ஒரு கிராமத்துக் குழந்தைகள் இன்னொரு கிராமத்துக் குழந்தைகளைவிட ஏன் குட்டையாக இருக்கிறார்கள்? இதில் கிராமத்தின் பங்கு எவ்வளவு, மாவட்டத்தின் பங்கு எவ்வளவு? இதற்குத்தான் குழந்தை, ஊர், மாவட்டம் என்ற நிலைகளை ஒன்றாகப் பார்க்கும் பல்நிலை மாடல். அந்த மாடலுக்குள் வி005-ஐ அப்படியே தூக்கிப் போட்டால் கிடைக்கும் விடை பல சமயம் தவறாக இருக்கும், மென்பொருளும் பெரும்பாலும் வாயைத் திறக்காது. ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொள்ள, அந்தக் குழந்தை கோப்புக்குள் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மாதிரி எடுத்த விதம்

ஐந்தாம் சுற்றின் களப்பணி 2019 ஜூனில் தொடங்கி, நடுவில் கொரோனா ஊரடங்கில் தடைபட்டு, 2021 ஏப்ரலில் முடிந்தது. பொறுப்பேற்று நடத்தியது மும்பையில் உள்ள ஐ.ஐ.பி.எஸ். என்ற மக்கள்தொகை ஆய்வு நிறுவனம். 707 மாவட்டங்கள், 6,36,699 குடும்பங்கள், 15 முதல் 49 வயது வரையிலான 7,24,115 பெண்கள். இத்தனை பேரையும் ஒரு பெரிய பட்டியலிலிருந்து குலுக்கி எடுக்கவில்லை. அப்படி ஒரு பட்டியலே கிடையாது.

ஒவ்வொரு மாவட்டத்தையும் ஊரகம், நகரம் என்று பிரித்தார்கள். இவைதான் அடுக்குகள், இவற்றுக்குள்ளும் சில உட்பிரிவுகள் உண்டு. பிறகு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பட்டியலை வைத்து, ஊரகத்தில் கிராமங்களையும் நகரத்தில் கணக்கெடுப்பு வட்டாரங்களையும் தேர்ந்தெடுத்தார்கள். பெரிய கிராமத்துக்கு அதிக வாய்ப்பு, சிறிய கிராமத்துக்குக் குறைந்த வாய்ப்பு. இது முதல் கட்டம். தேர்வான இடத்துக்கு ஆள் போய் எல்லா வீடுகளையும் புதிதாகப் பட்டியலிட்டு, அதிலிருந்து 22 வீடுகளைச் சீரான இடைவெளியில் எடுத்தார்கள். இது இரண்டாம் கட்டம். இப்படித் தேர்வான ஒரு கிராமத்தையோ வட்டாரத்தையோ கொத்து என்று சொல்வோம். மொத்தம் முப்பதாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட கொத்துகள்.

எடை ஏன் வேண்டும் என்பது இங்கே தெளிவாகிவிடும். 6,36,699-ஐ 707-ஆல் வகுத்தால் மாவட்டத்துக்குச் சராசரியாக 900 குடும்பங்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் இந்த எண்ணிக்கை மலைக்கும் மடுவுக்குமாக மாறுவதில்லை, மக்கள்தொகைதான் மாறுகிறது. 2011 கணக்குப்படி அருணாசலப் பிரதேசத்தின் திபாங் பள்ளத்தாக்கு மாவட்டத்தில் 8,004 பேர். அப்போது அலகாபாத் என்று இருந்த இன்றைய பிரயாக்ராஜ் மாவட்டத்தில் 59 லட்சத்துக்கு மேல். திபாங்கில் ஒரு குடும்பம் தன்னையும் இன்னும் சில குடும்பங்களையும் மட்டும் பிரதிநிதித்துவப்படுத்துகிறது; பிரயாக்ராஜில் ஒன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களுக்காக நிற்கிறது. எடை இல்லாமல் கூட்டினால் சின்ன மாநிலங்களின் குரல் தேசிய சராசரியில் அளவுக்கு மீறி ஒலிக்கும்.

ஒரே ஊர்க் குழந்தைகள்

மாதிரி எடுத்த விதத்தில் இரண்டாவது சிக்கல், கொத்துக்குள் இருக்கும் ஒற்றுமை. ஒரே கிராமத்துக் குழந்தைகள் ஒரே அங்கன்வாடிக்குப் போகிறார்கள், ஒரே தண்ணீரைக் குடிக்கிறார்கள், மழை பொய்த்தால் எல்லா வீட்டிலும் ஒன்றாகத்தான் அடி விழுகிறது. அதனால் அதே ஊரிலிருந்து எட்டாவதாக ஒரு குழந்தையைச் சேர்க்கும்போது கிடைக்கும் புதிய தகவல், புதிய ஊரிலிருந்து ஒரு குழந்தையைச் சேர்த்தால் கிடைப்பதைவிடக் குறைவு.

இதை ஒரு எண்ணாகச் சொல்ல லெஸ்லி கிஷ் என்ற புள்ளியியலாளர் கொடுத்த எளிய சூத்திரம் உண்டு. கொத்தின் சராசரி அளவிலிருந்து ஒன்றைக் கழித்து, கொத்துக்குள் இருக்கும் ஒற்றுமையின் அளவால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். வருவது டிசைன் எஃபெக்ட்; மாதிரியின் எண்ணிக்கையை இதனால் வகுத்தால் கையில் நிஜமாக எவ்வளவு தகவல் இருக்கிறது என்று தெரியும். ஒற்றுமையின் அளவை ஐ.சி.சி. என்பார்கள், சுழியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் இருக்கும்.

குழந்தைகள் கோப்பில் கடந்த ஐந்தாண்டில் பிறந்தவர்கள் சுமார் 2.3 லட்சம் பேர். முப்பதாயிரம் கொத்துகள் என்றால் கொத்துக்கு ஏறக்குறைய 8 பேர். ஐ.சி.சி. 0.1 என்று வைத்துக்கொண்டால் டிசைன் எஃபெக்ட் 1.7. அதாவது 2.3 லட்சம் குழந்தைகள் இருந்தும் கையில் இருக்கும் தகவல் சுமார் 1.35 லட்சம் குழந்தைகளுக்குச் சமம். பரவாயில்லை என்று தோன்றலாம். மாவட்ட நிலைக்குப் போய்ப் பாருங்கள். மாவட்டத்துக்குச் சராசரியாக 330 குழந்தைகள். அங்கே ஐ.சி.சி. வெறும் 0.03 என்றாலும் டிசைன் எஃபெக்ட் கிட்டத்தட்ட 11 ஆகிவிடும். மாவட்ட அளவில் ஒரு காரணியை, உதாரணமாக மருத்துவமனைப் படுக்கைகளின் எண்ணிக்கையை, மாடலில் போட்டு ‘2.3 லட்சம் பேரை வைத்து நிரூபித்தோம்’ என்று எழுதுகிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். அந்தக் காரணியைப் பொறுத்தவரை அவர்களிடம் இருப்பது 707 மாவட்டங்கள்தான்.

பல்நிலை மாடல் என்ன செய்கிறது

ஆம், இல்லை என்ற விடைகளுக்கான சாதாரண லாஜிஸ்டிக் ரிக்ரெஷனில், ஒரு குழந்தை வளர்ச்சி குன்றியிருக்கும் வாய்ப்பைத் தாயின் படிப்பு, குழந்தையின் வயது, வீட்டு வசதி முதலியவற்றை வைத்துக் கணிக்கிறோம். பல்நிலை மாடல் அதோடு ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு தனி எண்ணைச் சேர்க்கிறது. சில ஊர்களுக்கு அது கூட்டல், சில ஊர்களுக்குக் கழித்தல். முப்பதாயிரம் ஊர்களுக்கும் முப்பதாயிரம் எண்களைத் தனித்தனியாகக் கண்டுபிடிக்க முயல்வதில்லை. அவை எல்லாம் சுழியத்தைச் சுற்றி, மணி வடிவத்தில், ஏதோ ஒரு அளவுக்குப் பரவியிருக்கின்றன என்று வைத்துக்கொண்டு, அந்தப் பரவலின் அளவை மட்டும் மதிப்பிடுகிறது. இதைக் கொத்து நிலை மாறுபாடு என்று வைத்துக்கொள்வோம்.

அந்த ஒரு எண்ணில் நிறைய விஷயம் இருக்கிறது. லாஜிஸ்டிக் மாடலில் தனிநபர் நிலை மாறுபாட்டுக்கு 3.29 என்ற நிலையான எண்ணை வைப்பது வழக்கம். பை (3.14) என்ற எண்ணின் வர்க்கத்தை மூன்றால் வகுத்தால் வருவது. கொத்து நிலை மாறுபாடு 0.3 என்று வந்தால், 0.3-ஐ 3.59-ஆல் வகுத்து, ஐ.சி.சி. சுமார் 8 சதவீதம் என்று சொல்லலாம். படிப்பு, வசதி போன்றவற்றை மாடலில் சேர்த்த பிறகு இந்த எண் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பார்கள். பாதியாகக் குறைந்தால், ஊருக்கு ஊர் தெரிந்த வேறுபாட்டில் பாதி, அந்த ஊர்களில் யார் வசிக்கிறார்கள் என்பதிலிருந்து வந்தது என்று அர்த்தம்.

இன்னொரு பயன். ஒரு கொத்தில் மூன்றே குழந்தைகள், மூவருமே வளர்ச்சி குன்றியவர்கள் என்றால், அந்த ஊரில் நூறு சதவீதம் என்று யாரும் நம்ப மாட்டோம். மாடலும் நம்பாது. அந்த ஊரின் மதிப்பீட்டைப் பொதுச் சராசரியை நோக்கி இழுத்துக்கொள்ளும். கொத்தில் ஆட்கள் குறைந்தால் இழுப்பு அதிகம்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் கேள்வி ‘தமிழ்நாட்டில் எத்தனை சதவீதம்?’ என்பது மட்டும்தான் என்றால் பல்நிலை மாடலே தேவையில்லை. எடை, கொத்து, அடுக்கு மூன்றையும் மென்பொருளிடம் சொல்லிவிட்டு, கணக்கெடுப்புக்கான சாதாரண சராசரியைப் போட்டால் திட்டப் பிழையும் (மதிப்பீடு எவ்வளவு தடுமாறக்கூடும் என்ற அளவு) சரியாகவே வரும். படிப்புக்கும் உயரத்துக்கும் உள்ள தொடர்பு மட்டும் வேண்டும், ஊரின் பங்கு வேண்டாம் என்றாலும் அப்படியே. ஊரும் மாவட்டமும் உங்கள் கேள்வியிலேயே இருக்கும்போதுதான் இந்த வம்பு எல்லாம்.

ஒரு எடைக்குள் இரண்டு எடை

சரி, விஷயத்தின் மையத்துக்கு வருவோம். ஒரு கற்பனை மாவட்டத்தின் ஊரகப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 2 லட்சம் குடும்பங்கள். அதில் 30 கிராமங்களைத் தேர்ந்தெடுக்கப் போகிறோம். சின்னூரில் 100 குடும்பங்கள், பெரியூரில் 250 குடும்பங்கள்.

சின்னூர் தேர்வாகும் நிகழ்தகவு: 30 பெருக்கல் 100, வகுத்தல் 2,00,000. அதாவது 0.015. தலைகீழாக்கினால் 66.7. சின்னூர் தன்னைப் போன்ற சுமார் 67 கிராமங்களுக்காக நிற்கிறது. இது கொத்தின் எடை. ஊருக்குள் 100 வீடுகளில் 22-ஐ எடுக்கிறோம். 100-ஐ 22-ஆல் வகுத்தால் 4.55. இது ஊருக்குள் வீட்டின் எடை. இரண்டையும் பெருக்கினால் 303.

பெரியூருக்கு இதே கணக்கு. தேர்வாகும் நிகழ்தகவு 0.0375, கொத்தின் எடை 26.7. ஊருக்குள் 250-ஐ 22-ஆல் வகுத்தால் 11.36. பெருக்கினால் அதே 303.

கோப்பில் இரண்டு ஊர்க் குடும்பங்களுக்கும் ஒரே எடைதான் இருக்கும். ஆனால் உள்ளே பிரித்துப் பார்த்தால் சின்னூருக்குக் கிராம நிலையில் இரண்டரை மடங்கு எடை அதிகம், வீட்டு நிலையில் அதே அளவு குறைவு. இது தற்செயல் இல்லை. அளவுக்கேற்ற வாய்ப்பில் ஊரைத் தேர்ந்தெடுத்து, ஊருக்குள் ஒரே எண்ணிக்கையில் வீடுகளை எடுத்தால் இறுதி எடை சமமாக வரும் என்பதால்தான் கணக்கெடுப்பு வடிவமைப்பவர்கள் இந்த முறையை விரும்புகிறார்கள். நடைமுறையில் 303-ம் 303-ம் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. கிராமத்தைத் தேர்ந்தெடுத்தது 2011 எண்ணிக்கையை வைத்து. வீட்டைத் தேர்ந்தெடுத்தது புதுப் பட்டியலை வைத்து. எட்டுப் பத்து வருடத்தில் ஊர் வளர்ந்திருக்கும், பாதிப் பேர் வேலை தேடி வெளியூர் போயிருப்பார்கள். பதில் தராதவர்களுக்கான திருத்தமும் இதில் சேரும்.

சதவீதம் போடும்போது பெருக்கற்பலன் மட்டும் தெரிந்தால் போதும். பல்நிலை மாடலுக்கு அது போதாது. மாடல் இரண்டு மக்கள்தொகைகளைப் பற்றிப் பேசுகிறது: குழந்தைகள், கிராமங்கள். கிராமங்களுக்கு இடையிலான மாறுபாட்டை மதிப்பிட, ஒவ்வொரு கிராமமும் எத்தனை கிராமங்களுக்காக நிற்கிறது என்று அதற்குத் தெரிய வேண்டும். 303 என்ற எண்ணிலிருந்து அது கிடைக்காது. சிறிய ஊர்களில் நிலைமை வேறு மாதிரி இருந்தால், அவற்றுக்கு உரிய எடை போகாதபோது முடிவு சாய்ந்துவிடும்.

மாவட்டத்தை மூன்றாம் நிலையாக வைத்தால் என்ன எடை? ஒன்று. 707 மாவட்டங்களையும் எடுத்துவிட்டார்கள். மாவட்டத்தில் மாதிரியே எடுக்கவில்லை. இந்தக் கேள்வியில் குழம்புகிறவர்கள் நிறையப் பேர், விடை இவ்வளவுதான்.

எடையைச் சுருக்குவது

1998-இல் ஃபெஃபர்மன், ஸ்கின்னர், ஹோம்ஸ், கோல்ட்ஸ்டீன், ராஸ்பாஷ் ஐவரும் சேர்ந்து, பல்நிலை மாடலில் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி எடையைப் பயன்படுத்தும் வழியை எழுதினார்கள். 2006-இல் ராபே-ஹெஸ்கெத்தும் ஸ்க்ரோண்டாலும் அதை லாஜிஸ்டிக் போன்ற மாடல்களுக்குக் கொண்டுவந்து, பீசா என்ற பன்னாட்டு மாணவர் தேர்வின் அமெரிக்கத் தரவில் செய்து காட்டினார்கள். இந்த இரண்டு வேலைகளிலும் தலைவலியாக வருவது ஒரே விஷயம்: ஊருக்குள் இருக்கும் எடையின் அளவு.

சாதாரண ரிக்ரெஷனில் எல்லா எடைகளையும் பத்தால் பெருக்கினால் குணகங்கள் (ஒவ்வொரு காரணிக்கும் மாடல் தரும் எண்கள்) மாறாது. பல்நிலை மாடலில் கொத்தின் எடையைப் பத்தால் பெருக்கினாலும் மாறாது. ஆனால் ஊருக்குள் இருக்கும் எடையைப் பெருக்கினால் மாறும். காரணத்தை ஒரு உதாரணத்தில் பார்க்கலாம். ஒரு ஊரில் 8 குழந்தைகளில் 2 பேர் வளர்ச்சி குன்றியவர்கள். பக்கத்து ஊரில் 8-இல் 4 பேர். எட்டுப் பேரை வைத்துக்கொண்டு இந்த ஊர் அந்த ஊரைவிட நல்ல ஊர் என்று சொல்ல முடியாது. இரண்டு குழந்தைகள் இப்படி அப்படி ஆனால் கணக்கே மாறிவிடும். இப்போது ஒவ்வொரு குழந்தைக்கும் 10 என்று எடை கொடுங்கள். மாடலின் கண்ணுக்கு அது 80-இல் 20, 80-இல் 40 என்று தெரிகிறது. அது தற்செயல் என்று யாரும் நம்ப மாட்டார்கள். மாடலும் அதை ஊர்களுக்கு இடையிலான உண்மையான வேறுபாடு என்று எடுத்துக்கொண்டு, கொத்து நிலை மாறுபாட்டை ஊதிவிடும்.

நமக்குக் கொத்துக்கு 8 குழந்தைகள்தான் என்பதை நினைவில் வையுங்கள். கொத்து சிறிதாக இருக்கும்போதுதான் இந்தக் கோளாறு மோசமாக அடிக்கும். வி005-ஐப் பத்து லட்சத்தால் வகுக்க மறந்தவர் சாதாரண ரிக்ரெஷனில் தப்பித்துக்கொள்வார். பல்நிலை மாடலில் முதல் நிலை, அதாவது குழந்தை நிலை, எடையாக அதைப் போட்டால் ஒவ்வொரு குழந்தையும் லட்சக்கணக்கான குழந்தைகளாகிவிடும்.

இதற்கு மருந்து, ஊருக்குள் இருக்கும் எடைகளைச் சுருக்குவது. பிரபலமான வழி ஒன்று: ஒரு கொத்தில் உள்ள எடைகளின் கூட்டுத்தொகை, அங்கே நிஜமாகப் பார்த்த ஆட்களின் எண்ணிக்கைக்குச் சமமாக வருமாறு மாற்றுவது. எட்டுக் குழந்தைகள் என்றால் எடைகளின் கூட்டுத்தொகையும் எட்டு. இன்னொரு வழியில், எடைகள் ஏற்ற இறக்கமாக இருப்பதால் குறையும் தகவலையும் கணக்கில் எடுத்து, எண்ணிக்கையை இன்னும் கொஞ்சம் குறைப்பார்கள். இரண்டில் எது மேல் என்பதற்கு எல்லாத் தரவுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. பொதுவாக, குணகங்கள் இரண்டிலும் பெரிதாக மாறாது. மாறுபாட்டு மதிப்பீடுதான் மாறும்.

என்.எஃப்.எச்.எஸ். குழந்தைகள் கோப்பில் இது எளிதாகிவிடுகிறது. ஒரே கொத்தில் உள்ளவர்களுக்கு வி005 பொதுவாக ஒரே எண்தான். நீங்களே ஒரு அட்டவணை போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரே எண் என்றால், சுருக்கிய பிறகு எல்லோருக்கும் எடை 1. முதல் நிலையில் வேலை முடிந்தது. மிச்சம் இருப்பது கொத்தின் எடை மட்டும். ஆனால் குடும்ப வன்முறை பற்றிய கேள்விகளுக்குப் போனால் கதை வேறு. அங்கே தேர்ந்தெடுத்த சில வீடுகளில் ஒரு வீட்டுக்கு ஒரு பெண்ணிடம்தான் கேட்டார்கள். தகுதியுள்ள பெண்கள் மூவர் இருந்த வீட்டில் ஒருவரும், ஒருவர் மட்டும் இருந்த வீட்டில் அவரும் கேட்கப்பட்டிருப்பார்கள். அதற்கு டி005 என்று தனி எடை. அது கொத்துக்குள்ளேயே மாறும். அங்கே வி005-ஐப் பயன்படுத்துவது நேரடியான தவறு.

மென்பொருளில்

ஸ்டாட்டாவில் உயரம் போன்ற அளவுகளைக் கணிக்கும் நேர்கோட்டு மாடலுக்கு ‘மிக்ஸ்ட்’, லாஜிஸ்டிக் மாடலுக்கு ‘மெலாஜிட்’ என்று கட்டளைகள். இரண்டிலும் முதல் நிலை எடையை ஒரு இடத்திலும் கொத்தின் எடையை இன்னொரு இடத்திலும் தனித்தனியாகக் கொடுக்கலாம். எடையைச் சுருக்கும் தெரிவு மிக்ஸ்ட் கட்டளையிலேயே இருக்கிறது. மெலாஜிட்டுக்கு நீங்களே முன்கூட்டிச் சுருக்கிக் கொடுத்துவிடுவது நல்லது. மிக்ஸ்டில் முதல் நிலைக்கு மட்டும் எடை கொடுத்து மேல் நிலையை விட்டுவிட்டால், இது மொத்த எடையாக இருந்தால் முடிவு சாய்ந்திருக்கலாம் என்று ஒரு குறிப்பு அட்டவணையின் அடியில் வரும். மென்பொருள் எச்சரிப்பது அபூர்வம் என்பதால் அந்த ஒரு வரிக்காகவே ஸ்டாட்டாவை எனக்குப் பிடிக்கும்.

ஆர் பயன்படுத்துகிறவர்கள் முதலில் போவது எல்எம்ஈ4 தொகுப்புக்கு. அதில் ‘வெயிட்ஸ்’ என்று ஒரு இடம் இருக்கிறது. அங்கே வி005-ஐப் போடத் தோன்றும். போடாதீர்கள். அந்த வெயிட்ஸ் கணக்கெடுப்பு எடைக்கானது இல்லை. நேர்கோட்டு மாடலில், அந்த வரிசை எவ்வளவு துல்லியமாக அளக்கப்பட்டது என்பதைச் சொல்லும் இடம் அது. லாஜிஸ்டிக் மாடலில் அதை முயற்சிகளின் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளும். 2.37 என்று எடை கொடுத்தால், 2.37 தடவை முயன்று 2.37 தடவை ‘ஆம்’ வந்ததாக நினைத்து, வெற்றிகளின் எண்ணிக்கை முழு எண்ணாக இல்லையே என்று சிவப்பு எழுத்தில் புலம்பும். பலர் அந்தப் புலம்பலைக் கடந்து அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அச்சில் வந்த கட்டுரைகளிலும் இந்தத் தவறைப் பார்க்கலாம்.

ஆரில் இந்த வேலைக்கென்றே வந்தது வீமிக்ஸ் தொகுப்பு. பெரிய கல்விக் கணக்கெடுப்புகளை மனதில் வைத்து எழுதியது. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு எடை நெடுவரிசையின் பெயரைக் கொடுக்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஸ்டாட்டா முதல் நிலையில் எதிர்பார்ப்பது ஊருக்குள் இருக்கும் எடையை, அதாவது நம் உதாரணத்தில் 4.55. வீமிக்ஸ், நீங்கள் வேறாகச் சொல்லாதவரை, எதிர்பார்ப்பது மொத்த எடையை, அதாவது 303. ஒரு மென்பொருளுக்காகத் தயாரித்த நெடுவரிசையை மற்றதில் அப்படியே போட்டால் இரண்டும் சத்தமில்லாமல் வேறு வேறு விடை தரும்.

எம்பிளஸில் முதல் நிலைக்கு ஒரு எடை, கொத்துக்கு ஒரு எடை, இரண்டையும் எப்படிச் சுருக்குவது என்று தனித்தனித் தெரிவுகள் உண்டு. ஒன்றும் சொல்லாவிட்டால் முதல் நிலை எடையைக் கொத்தின் அளவுக்குத் தானாகவே சுருக்கிக்கொள்ளும். வசதிதான். ஆனால் நீங்கள் ஏற்கெனவே செய்ததை அது மறுபடி செய்கிறதா, வேறு மாதிரி செய்கிறதா என்று கையேட்டைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மொத்த எடை மட்டும் கையில் இருந்தால்

66.7, 4.55 என்று நாம் பிரித்தது கற்பனை மாவட்டத்தில். பொதுக் கோப்பில் கிராமத்தின் பெயர் இருக்காது, அதன் குடும்ப எண்ணிக்கையும் இருக்காது. பதில் சொன்னவர்களின் அடையாளம் வெளியே தெரியக்கூடாது என்பதால் அது நியாயம்தான். அப்போது கொத்தின் எடையைத் தோராயமாகத்தான் உருவாக்க வேண்டும்.

என்.எஃப்.எச்.எஸ். சார்ந்திருந்த டி.எச்.எஸ். என்ற பன்னாட்டு மக்கள்தொகை, உடல்நலக் கணக்கெடுப்புத் திட்டத்துக்காக எல்காசாபி, ரென், புல்லம் மூவரும் 2020-இல் ஒரு வழி சொன்னார்கள். ஒரு அடுக்கில் மொத்தம் எத்தனை கிராமங்கள், அதில் எத்தனை தேர்வாயின என்று தெரிந்தால் கொத்து எடையின் சராசரி கிடைத்துவிடும். கிராமத்தின் சராசரி அளவு தெரிந்தால் வீட்டு எடையின் சராசரியும் கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் வருவதற்கும் நிஜமான மொத்த எடைக்கும் நடுவில் ஒரு மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தை இரண்டு நிலைகளுக்கும் எந்த விகிதத்தில் பங்கிடுவது என்பதுதான் கேள்வி. எல்லாம் கொத்துக்கே, எல்லாம் வீட்டுக்கே, பாதிப் பாதி என்று சில விகிதங்களில் மாடலை ஓட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். விடைகள் ஒன்றுபோல வந்தால் நிம்மதி.

இது முடியாதபோது முதல் நிலைக்கு 1, கொத்துக்கு வி005 என்று போடுகிறவர்களும் உண்டு. தவறு என்று ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். ஆனால் அப்போது கிராமங்களுக்கு இடையிலான மாறுபாட்டில் ஒவ்வொரு கிராமமும் ஒன்றாக எண்ணப்படவில்லை, அங்கே வசிப்பவர்களின் எண்ணிக்கைப்படி எண்ணப்படுகிறது என்பதை எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

எடையே வேண்டாம் என்று சொல்லும் கட்சியும் இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. தேர்வு வாய்ப்பை நிர்ணயித்தவை மாவட்டம், ஊரகமா நகரமா, ஊரின் அளவு போன்றவைதான். இவற்றையெல்லாம் மாடலுக்குள் கொண்டுவந்துவிட்டால் எடைக்கு மிஞ்சும் வேலை குறைவு. எடை போட்ட மாடலின் திட்டப் பிழை பெரும்பாலும் பெரிதாக இருக்கும். தேவையில்லாமல் அந்த விலையை ஏன் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். நான் பரிந்துரைப்பது இரண்டையும் ஓட்டிப் பார்ப்பதை. முதலில் எடை இல்லாமல், மாவட்டமும் ஊரக நகரப் பிரிவும் உள்ளே இருக்கும்படி. அப்புறம் அதே மாடலை எடையோடு. தாயின் படிப்புக்கான குணகம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் எதை அட்டவணையில் போட்டாலும் யாரும் குறை சொல்ல முடியாது. பெரிதாக மாறினால் எடை போட்டதை மட்டும் வெளியிட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஏதோ ஒரு காரணி மாடலில் விடுபட்டிருக்கிறது என்று தரவு உங்களிடம் சொல்கிறது. பெரும்பாலும் அது ஒரு குறுக்கு விளைவாக இருக்கும்: படிப்பின் பலன் நகரத்தில் ஒரு மாதிரி, ஊரகத்தில் வேறு மாதிரி என்பது போல.

கட்டுரையாக எழுதும்போது, எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, ஒவ்வொரு நிலைக்கும் எந்த எடை, எப்படிச் சுருக்கினீர்கள், அடுக்கை எப்படிக் கையாண்டீர்கள் என்பதை இரண்டு மூன்று வரியில் சொல்லிவிடுங்கள். ‘எடை பயன்படுத்தப்பட்டது’ என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. தமிழ்நாட்டுக்கு மட்டும் மாடல் ஓட்டுகிறீர்கள் என்றால் மாநில எடை, தேசிய எடை என்று கோப்பில் இரண்டும் இருப்பதைக் கவனித்து, எதை எடுத்தீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.